அவிழாத லேஸ்

கால்பந்தில் கைக்கு வேலையில்லை என்று சொல்கிறவர்கள் எல்லாம் வெளியே உட்கார்ந்து பார்த்தவர்கள். உள்ளே இறங்கி ஆடியவனைக் கேட்டால் தெரியும், பாதி ஆட்டம் கையில்தான் நடக்கிறது. கார்னருக்கு முன்னால் இடுப்பைப் பிடிப்பது, நடுவர் திரும்பிய நேரம் பார்த்து முழங்கையால் ஒரு இடி, ஓடுகிறவனின் சட்டை நுனியில் இரண்டு விரல். எல்லாரும் செய்வதுதான். அகப்பட்டுக்கொண்டவன் மட்டும் குற்றவாளி.

பம்பரமும் எல்லாரையும் போலத்தான் செய்தான். அகப்படவில்லை. அதுதான் அவனுக்கு வந்த கேடு.

பம்பரம் என்பது அணியில் வைத்த பெயர். நின்ற இடத்திலேயே பந்தோடு ஒரு சுற்றுச் சுற்றி எதிராளியை வேறு திசைக்கு அனுப்பிவிடுவான். வயது இருபத்து மூன்று, நடுக்களம், சட்டை எண் பதினான்கு. அதே அணியின் கேப்டன் அவனுடைய அக்கா கணவர். பின்வரிசையின் நடுவில் நிற்பவர், எண் நான்கு. வீட்டில் அத்தான், மைதானத்தில் கேப்டன். "மைதானத்துல என்னை அத்தான்னு கூப்பிட்டே, அன்னைக்குப் பூரா உனக்குப் பாஸ் கிடையாது" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். எண்ணைத் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது, காலியாகக் கிடந்தவற்றில் நான்கு வருகிற எண்ணாகப் பார்த்துத்தான் பம்பரம் பதினான்கைக் கேட்டு வாங்கினான். அவ்வளவு பாசம். பாசத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

கேப்டனுக்கு முப்பத்தைந்து வயது. நான்கு வருடத்துக்கு ஒருமுறை வருகிற இந்தப் போட்டிக்கு இதற்கு முன் மூன்று தடவை வந்திருக்கிறார். மூன்று தடவையும் காலிறுதியோடு பெட்டி கட்டிக்கொண்டு ஊர் திரும்பினார். இதுதான் கடைசி என்று கிளம்பும்போதே சொல்லிவிட்டார். முழங்கால் இரண்டும் அதற்கு முன்பே சொல்லிவிட்டன.

இந்த முறை காலிறுதியில் எண்பத்தெட்டாவது நிமிடம்வரை ஒன்றுக்குப் பூஜ்யம் என்று முன்னால் இருந்தார்கள். மழை பெய்து ஓய்ந்த களம், கால் வைத்த இடமெல்லாம் சேறு. எதிரணியில் ஒரு சுருட்டைமுடிக்காரன், காற்றாகப் பறப்பவன், பம்பரத்தின் கால்களுக்கு நடுவிலேயே பந்தைத் தட்டிவிட்டு ஓடினான். விட்டால் கோல். பம்பரம் யோசிக்கவில்லை, கை யோசித்தது. பின்னாலிருந்து சட்டையைக் கொத்தாகப் பிடித்து இழுத்தான். டர்ரென்று கிழிகிற சத்தம் அவன் காதில் விழுந்தது. எதிரே மறிக்க ஓடிவந்த கேப்டன் மேல் இரண்டு பேரும் போய் மோதி, மூன்று பேரும் ஒரு குவியலாகச் சரிந்தார்கள்.

நடுவர் முப்பது மீட்டர் பின்னால் இருந்தார். கொடி பிடிப்பவர் களத்தின் அந்தக் கரையில். பம்பரத்தின் முதுகில் பதினான்கில் இருந்த ஒன்றைச் சேறு மூடியிருந்தது, நான்கு மட்டும் பளிச்சென்று தெரிந்தது. நடுவர் ஓடிவந்து சேர்வதற்குள் குவியலிலிருந்து முதலில் எழுந்தவர் நான்காம் எண்காரர். நடுவர் பையில் கைவிட்டு மஞ்சள் அட்டையை அவர் முகத்துக்கு நேரே தூக்கினார்.

இந்தப் போட்டியில் ஒரு விதி உண்டு. காலிறுதி முடிவதற்குள் ஒருவருக்கு இரண்டு மஞ்சள் சேர்ந்தால் அடுத்த ஆட்டம் கிடையாது. காலிறுதி தாண்டினால் பழைய மஞ்சள் எல்லாம் அழிந்துவிடும். கேப்டனிடம் ஏற்கெனவே ஒன்று இருந்தது. பம்பரத்திடமும் ஒன்று இருந்தது. ஆக, இந்த மஞ்சள் யார் பெயரில் விழுகிறதோ அவருக்கு அரையிறுதி இல்லை. வீடியோ பார்த்துத் திருத்துகிற நடுவர்களோ, செலவு அதிகம் என்று அரையிறுதியிலிருந்துதான் வருகிறார்கள். வீடு பற்றி எரிந்த பிறகு வருகிற தண்ணீர் வண்டி மாதிரி.

கேப்டன் இரண்டு கைகளையும் விரித்தார். நான் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தவர், திறந்த வாயோடு திரும்பிப் பார்த்தார்.

அந்த நேரத்தில் பம்பரம் என்ன செய்துகொண்டிருந்தான்? குனிந்து பூட்ஸ் லேஸ் கட்டிக்கொண்டிருந்தான்.

லேஸ் அவிழ்ந்திருக்கவே இல்லை. ஆட்டத்துக்கு முன்னால் போட்ட இரட்டை முடிச்சு, கல் மாதிரி இருந்தது. அதை அவனே நகத்தால் நெம்பி அவிழ்த்து, அவனே மறுபடியும் கட்டினான். மெதுவாக, கவனமாக, பள்ளிக்கூடத்தில் முதல் தடவை கட்டுகிற பிள்ளையைப் போல. நிமிர்ந்தபோது நடுவர் எழுதி முடித்துப் புத்தகத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தார். கேப்டன் வாயை மூடிக்கொண்டு தன் இடத்துக்குப் போய்விட்டார்.

ஆட்டம் அதே ஒன்றுக்குப் பூஜ்யத்தில் முடிந்து எல்லாரும் கட்டிப்பிடித்துக் கூத்தாடிக்கொண்டிருந்தபோது அந்தச் சுருட்டைமுடிக்காரன் பம்பரத்தைத் தேடி வந்தான். சட்டை மாற்றிக்கொள்வது இந்த ஆட்டத்தில் பழக்கம். அவன் பேசிய பாஷை இவனுக்குப் புரியவில்லை. ஆனால் அவன் தன் சட்டையைக் கழற்றி, கழுத்திலிருந்து தோள்வரை பிளந்திருந்த கிழிசலுக்குள் கையை விட்டுக் காட்டி, பம்பரத்தின் விரல்களைச் சுட்டிக்காட்டிச் சிரித்தது புரிந்தது. நீ கிழித்தது, நீயே வைத்துக்கொள். இதற்கு எந்த பாஷையும் தேவையில்லை. நல்ல மனசுக்காரன். அன்றைக்கு அந்த மைதானத்தில் உண்மையைச் சொன்னவன் அவன் ஒருவன்தான்.

ஓட்டலில் கேப்டனும் பம்பரமும் ஒரே அறை. கேப்டன் கட்டிலில் சாய்ந்து, இரண்டு முழங்கால்களிலும் பனிக்கட்டிப் பையை வைத்துக் குளியல் துண்டால் கட்டிக்கொண்டிருந்தார். இப்போது கேட்பார், இப்போது கேட்பார் என்று பம்பரம் குளியலறைக் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றான்.

"மாப்ளே."

"ம்?"

"அந்த ரிமோட்டை எடுத்துக் குடு. என்னால எழ முடியல."

அவ்வளவுதான். திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பான், அழுதிருப்பான், ஏதோ ஒன்று நடந்திருக்கும். ரிமோட்டைக் கேட்கிறவரிடம் என்ன செய்வது?

மறுநாள் காலைச் சாப்பாட்டு மேசையில் மேனேஜர் பேச்சை எடுத்தார். அணியின் காகித வேலை எல்லாம் அவருடையது, மூக்குக்கண்ணாடி நெற்றியிலேயே குடியிருக்கும்.

"கேப்டன், நீங்க அந்த ஆளைத் தொடலைன்னு எனக்குத் தோணுது. வீடியோவைப் போட்டுப் போட்டுப் பார்த்தேன், உங்க முதுகு மறைக்குது. கைய வெச்சது யாருன்னு தெரியல. தப்பான ஆளுக்குக் கார்டு குடுத்தா மாத்தலாம்னு விதி இருக்கு. இழுத்தவன் தன் கையால எழுதிக் குடுக்கணும், அவ்வளவுதான். இன்னைக்கு மதியம் பன்னெண்டு மணிக்குள்ள."

மேசையில் பதினைந்து பேர். கேப்டன் அவித்த முட்டையின் ஓட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெயர்த்துத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிக்கொண்டிருந்தார்.

"விடுங்க சார். மழையில உருண்டு கிடந்தோம். யாரு கை, யாரு கால்னு யாருக்குத் தெரியும்? நான்தான்னு வெச்சுக்கோங்க."

"வெச்சுக்க முடியாது கேப்டன். யாராவது சொல்றீங்களாப்பா?"

பம்பரத்தின் வாய் நிறைய ரொட்டி இருந்தது. மென்றான். மென்று முடித்த பிறகும் மென்றான். மேனேஜர் கண்ணாடியை இறக்கி எல்லாரையும் பார்த்தார், மறுபடியும் நெற்றிக்கு ஏற்றிவிட்டு எழுந்து போனார்.

பத்து மணிக்கு அக்கா போன் செய்தாள். பல் டாக்டரிடம் உதவியாளாக வேலை பார்க்கிறாள். இரண்டு நோயாளிக்கு நடுவில் கிடைக்கிற ஐந்து நிமிடத்தில்தான் அவளுடைய குடும்ப நிர்வாகம் எல்லாம் நடக்கும்.

"இழுத்தது நீதானே?"

பம்பரம் போனை மறு காதுக்கு மாற்றினான். "யாரு சொன்னா?"

"யாரும் சொல்ல வேண்டாம். உங்க அத்தான் ஆளோட காலை வாருவாரு, சட்டையைப் பிடிக்க மாட்டாரு. பத்து வருஷமா பாக்குறேன். சின்ன வயசுல இருந்து எதையாவது பிடிச்சு இழுக்குறவன் நீ."

"அக்கா…"

"காலைல வேன்ல ஒரு பையன் நம்ம பாப்பாகிட்ட, உங்கப்பா அழுகுணி ஆட்டம் ஆடிட்டாருன்னு சொன்னானாம். அவ அழுதுகிட்டே இருக்கான்னு டீச்சர் போன் பண்ணாங்க."

"நான் என்னக்கா பண்ணட்டும்?"

"என்னைக் கேக்காதே. நான் ரெண்டு பேருக்கும் சொந்தக்காரி. ஒருத்தருக்குப் பேசினா இன்னொருத்தருக்குத் துரோகம். நீயே யோசி. வெச்சிடுறேன், இங்க ஒருத்தங்க வாய்ல பஞ்சோட உக்காந்திருக்காங்க."

போனை வைத்த சூட்டில் பம்பரம் முடிவெடுத்துவிட்டான். கிழிந்த சட்டையைக் கொண்டுபோய் மேனேஜர் மேசையில் போடுவது, எழுதிக் கொடுப்பது, தலையில் விழுகிறது விழட்டும். பையைத் திறந்தான். சட்டையைக் காணோம்.

அழுக்குத் துணியோடு சேர்ந்து போயிருந்தது. ஓட்டலின் கீழ்த்தளத்தில் சலவை எந்திரங்களுக்கு நடுவே, அணியின் சீருடைப் பெட்டிகளைக் கட்டி மேய்க்கிற பெட்டி அண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்து நூலைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தார். மடியில் அந்தச் சட்டை.

"கிழிஞ்ச சட்டையைக் குடுத்து ஏமாத்தியிருக்கான் பாரு, அந்தச் சுருட்டைமுடி! காலிறுதி சட்டைடா, கண்ணாடி போட்டு வீட்ல மாட்ட வேண்டாமா? அதான் தைச்சுட்டேன். எங்க கிழிஞ்சுதுன்னு கண்டுபிடி, பாப்போம்."

கண்டுபிடிக்க முடியவில்லை. அப்படி ஒரு தையல். பம்பரம் நன்றி சொல்லிவிட்டு அதை வாங்கிக்கொண்டான். சாட்சியையே ஒட்டுப்போட்டுவிட்டார், நான் என்ன செய்ய என்று உள்ளே ஒரு குரல் சொன்னது. வெட்கங்கெட்ட குரல். சட்டை கிழிந்திருந்தால் என்ன, தைத்திருந்தால் என்ன, கேட்டது அவன் கையெழுத்தைத்தானே.

மேனேஜர் அறைக்கு வெளியே லிப்ட் பக்கத்தில் ஒரு நாற்காலி கிடந்தது. பதினொன்று இருபதுக்கு அதில் உட்கார்ந்தான். எதிரே சுவர்க் கடிகாரம். இரண்டே நிமிடம் மூச்சை ஆற்றிக்கொண்டு உள்ளே போகலாம் என்றுதான் உட்கார்ந்தான். பதினொன்றரைக்கு, அரையிறுதியைப் பார்க்க ஒரு பெரிய கிளப்பின் ஆள் வருவதாகச் சொன்னது நினைவுக்கு வந்தது. பதினொன்று நாற்பதுக்கு, அத்தானுக்குப் பதிலாகப் பின்வரிசையில் ஆட, பெஞ்சில் நெட்டையன் என்று ஒருவன் இருக்கிறான், எனக்குப் பதிலாக யார் இருக்கிறார்கள் என்று தோன்றியது. பதினொன்று ஐம்பதுக்கு, ஒரே ஒரு ஆட்டம்தானே, அரையிறுதியை ஜெயித்துவிட்டால் இறுதிக்கு அத்தான் வந்துவிடுவாரே, நாமே ஜெயித்துக் கொடுத்துவிட்டால் என்ன என்று தோன்றியது. ஊருக்கு நல்லது செய்வதாகச் சொல்லிக்கொண்டு மனசு எத்தனை வேஷம் கட்டும் என்பதற்கு அந்த நாற்காலியே போதும்.

முள் பன்னிரண்டைத் தொட்டது. தாண்டியது. அதுவரை ஈயமாகக் கனத்த கால்கள் தாமாக எழுந்தன. கதவைத் தட்டியபோது மணி பன்னிரண்டு பத்து.

இழுத்தது தான்தான் என்று பம்பரம் சொன்னதை மேனேஜர் கேட்டுக்கொண்டார். சட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எங்க கிழிஞ்சிருக்கு?"

"தைச்சுட்டாங்க சார்."

மேனேஜர் சட்டையை மடித்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"எவ்வளவு நேரமா வெளியே உக்காந்திருந்தே? பதினொன்னரைக்கு நான் டீ வாங்கப் போகும்போதே பார்த்தேனே."

பம்பரம் மடித்த சட்டையை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டான்.

"இப்ப சொல்லி யாருக்கு என்னப்பா லாபம்? சொல்லாமலே இருந்திருக்கலாம். கோச் காதுக்குப் போச்சுன்னா உன்னையும் உக்கார வெச்சிடுவாரு. ரெண்டு பேரும் இல்லாம அவரு யாரை வெச்சு ஆடுறது? வாயை மூடிக்கிட்டுப் போ. போய் ஒழுங்கா ஆடு."

ஆனால் அத்தானிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அறைக்குப் போனான். கேப்டன் இஸ்திரி மேசையில் தன் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அத்தான், இழுத்தது நான்தான்."

"தெரியும்டா. என் கை எங்க இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாதா?"

"அப்ப ஏன் சொல்லலை?"

"உனக்கும் ஒரு மஞ்சள் இருந்துச்சு. ஒருத்தன் வாயால வர வேண்டியதை நான் எப்படிச் சொல்றது?"

இங்கேதான் பம்பரம் இரண்டாவது தடவை கெட்டான். வாயைத் திறந்தபோது உண்மை வரத்தான் வந்தது. பாதி வழியில் திரும்பிக்கொண்டது.

"விழுந்ததுல தலை சுத்திருச்சு அத்தான். கார்டு காட்டினதையே நான் பாக்கலை. நிமிர்ந்து பாக்குறேன், எல்லாம் முடிஞ்சு போச்சு. அப்புறம் யோசிச்சு யோசிச்சுத்தான்…"

இஸ்திரிப் பெட்டி ஒரு கணம் நின்றது. பிறகு காலர் பக்கம் நகர்ந்தது.

"ம்… மழை, சேறு. யாருக்குத்தான் என்ன தெரிஞ்சுது? போய்ச் சாப்பிடு."

நம்பிவிட்டார். பம்பரத்துக்கு அப்பாடா என்றிருந்தது. அந்த அப்பாடாவை நினைத்து அவன் பிறகு எத்தனையோ நாள் கூசியிருக்கிறான்.

அரையிறுதியில் பேய்பிடித்தவன் போல ஆடினான். கடனைத் தீர்க்கிற ஆவேசம். ஜெயித்தும் விட்டார்கள். ஆனால் ஜெயித்துக் கொடுத்தவன் பம்பரம் இல்லை. கேப்டனுக்குப் பதிலாக நின்ற நெட்டையன் ஒரு கோலைத் தலையால் முட்டிப் போட்டான், உள்ளே போகவிருந்த இரண்டைக் கோட்டின் மேல் நின்று உதைத்துத் தள்ளினான். ஊரே அவன் பெயரைச் சொல்லிக் கத்தியது. மேலே பார்வையாளர் வரிசையில் தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த கேப்டன் எழுந்து நின்று கைதட்டினார். எல்லாரையும்விட உரக்கத் தட்டினார்.

ஜெயித்த பதினொரு பேரில் கைவைக்கக் கூடாது என்பது கோச்சுகள் காலங்காலமாகப் பிடித்துத் தொங்குகிற சாஸ்திரம். பம்பரத்துக்கு அது தெரியாதா? பன்னிரண்டு வயதிலிருந்து ஆடுகிறவனுக்குத் தெரியும். நாற்காலியில் உட்கார்ந்து கணக்குப் போட்டபோது மட்டும் அது ஞாபகத்துக்கு வரவில்லை. இறுதி ஆட்டத்துக்கு முந்தின நாள் சுவரில் ஒட்டிய பட்டியலில், நான்காம் எண் மாற்று ஆட்டக்காரர்கள் வரிசையில் இருந்தது.

பம்பரம் கோச்சிடம் ஓடினான். "சார், நான் உக்காந்துக்கறேன். கேப்டனைப் போடுங்க."

"நீ நடுவுல ஆடுறவன், அவரு பின்னால ஆடுறவரு. உன்னை எடுத்துட்டு அவரைப் போட இது என்ன பஸ்ல சீட்டு மாத்துறதா?" என்றார் கோச். "அவரே ஒத்துக்கிட்டாரு. உனக்கென்ன?"

அவரே ஒத்துக்கொண்டார். நானாக இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பேன் என்றாராம். பன்னிரண்டு வருடமும் நான்கு போட்டியும் காத்திருந்து முதல்முறையாக வந்த இறுதி ஆட்டம். அதைப் பெஞ்சில் உட்கார்ந்து பார்க்க ஒத்துக்கொண்டார். கேப்டனுக்கான கைப்பட்டையை எடுத்துக் கோல்கீப்பர் கையில் அவரே மாட்டிவிட்டார். பம்பரம் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதான். பிடித்து இழுத்ததற்காக அழவில்லை. அதை எல்லாரும் செய்கிறார்கள். குனிந்ததற்காக அழுதான்.

அந்த இறுதி ஆட்டத்தை அவர்கள் ஜெயித்தார்கள். அதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் பம்பரத்துக்கு அதில் ஞாபகம் இருப்பது வேறு. கோப்பையோடு எடுத்த படத்தில் ஓரமாக, பயிற்சிச் சட்டையோடு நிற்கிறவர்தான் கேப்டன்.

ஒன்றுக்கு ஒன்று என்று கூடுதல் நேரம் ஓடிக்கொண்டிருந்தது. விதிப்படி அனுமதித்த ஆள் மாற்றங்களை எல்லாம் கோச் செய்து முடித்துவிட்டார். இனிக் கேப்டன் உள்ளே வர வழியே இல்லை. நூற்றுப் பதினான்காவது நிமிடத்தில் பம்பரத்துக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. பந்து வெளியே போயிருந்தது. தன் அணி உட்கார்ந்திருந்த பக்கத்துக் கோட்டோரம் அப்படியே மல்லாந்து விழுந்தான். வைத்தியர் வருவதற்கு முன்னால் ஒருவர் ஓடிவந்து மண்டியிட்டு, அவன் காலைத் தூக்கித் தன் நெஞ்சில் முட்டுக்கொடுத்து, பாதத்தை மடக்கி அழுத்தினார். வெயிலை மறைத்துக்கொண்டு தெரிந்த முகம் அத்தானுடையது. முட்டி போட்டால் அவருக்கு என்ன வலி வலிக்கும் என்று ஒரே அறையில் இருந்தவனுக்குத் தெரியும்.

வலி மெல்ல இறங்கியது. கேப்டன் காலைக் கீழே வைத்தார். வைத்தவர் பூட்ஸைப் பார்த்தார். ஓடிய ஓட்டத்தில் லேஸ் பிரிந்து இரண்டு பக்கமும் தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு நுனிகளையும் எடுத்து இழுத்துக் கட்ட ஆரம்பித்தார். தலையை நிமிர்த்தாமல், அவனுக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார்:

"இன்னைக்கு நிஜமாவே அவுந்திருக்குடா, மாப்ளே."

பம்பரத்துக்கு மைதானத்தின் சத்தம் மொத்தமும் நின்றுபோனது.

"அத்தான்…" என்றான்.

மைதானத்தில் அப்படிக் கூப்பிடக் கூடாது. அவர் திட்டவில்லை. முடிச்சின் மேல் இன்னொரு முடிச்சைப் போட்டு இறுக்கினார். பூட்ஸை இரண்டு தட்டுத் தட்டி, அவன் கையைப் பிடித்து எழுப்பிவிட்டார்.

"போ. பந்து அங்க இருக்கு."